மண்ணும் சிமெண்டும்: பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வாசித்தல்

1

நான் விளாத்திகுளத்துக்காரன். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது கல்விச் சுற்றுலா என்று பாஞ்சாலங்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோட்டை வாசல், கொலுமண்டபம், சுவர் ஓவியங்கள் எல்லாம் பார்த்துவிட்டு, கட்டபொம்மன் நடமாடிய கல்லைத் தொட்டுவிட்டதாக வீட்டில் வந்து பீற்றிக்கொண்டேன். திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏ ஐயா, அது கவுருமெண்டு கட்டுன கோட்டைல்லா. நெசக் கோட்டை மண்ணுய்யா. அத ஒழுது ஆமணக்குப் போட்டுட்டான் வெள்ளக்காரன்."

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் தமிழ் எம்.ஏ. படித்து, வரலாறு என்பதும் ஒரு எழுத்துதான், அதை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான், பாட்டி அந்த மூன்று வாக்கியத்தில் ஒரு முழு விவாதத்தையே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது உறைத்தது. கல்லில் கட்டியதை வரலாறு என்றும் மண்ணில் கட்டியதைக் கதை என்றும் நாம் பிரித்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பிரிவினை எப்படி உண்டானது என்பதை ஒரு மண்கோட்டையை வைத்து விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்கிற பழைய பட்டிமன்றத்துக்குள் போகும் உத்தேசம் இல்லை. அந்தக் கேள்வியே நம்மை வேறு பக்கம் திருப்பிவிடும் கேள்வி என்பது என் எண்ணம்.

2

முதலில் பாளையம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்க ஆட்சி ஏற்பட்டபோது விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. எண்ணிக்கையைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பாளையக்காரரின் அதிகாரம் காவலில் இருந்து வந்தது என்பதுதான் இங்கே முக்கியம். தன் ஊர்களுக்குள் ஸ்தல காவல், வெளியே உள்ள ஊர்களுக்கும் பாதைகளுக்கும் தேச காவல். களவு போனால் துப்புக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நஷ்டத்தைக் கட்ட வேண்டும். அதற்குக் கூலியாக விளைச்சலில் ஒரு பங்கு. காவலும் கொள்ளையும் இந்த ஏற்பாட்டில் ஒட்டிப் பிறந்தவை. காவல்கூலி வராத ஊரில் களவு நடக்கும். ஆகவே கும்பினியார் ஆவணங்களில் 'கொள்ளை' என்று பதிவாகும் பல செயல்கள், பாளையக்காரரின் சொல்லாடலில் காவல் உரிமையை நிலைநாட்டுவதாகவே இருந்திருக்கும். அதே நேரத்தில் அந்த விளைச்சல் பங்கைக் கொடுத்த சம்சாரிக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

1792இல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கும்பினியின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து கோட்டை ஒரு பிரச்சனை ஆனது. கலெக்டர் இருக்கிற நாட்டில் கோட்டைக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய கேள்வி. 1799 அக்டோபரில் மேஜர் பானர்மேன் விடுத்த பிரகடனம் இதை வெளிப்படையாகவே சொன்னது. கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி, ஈட்டி முதலிய ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், வைத்திருப்பவனுக்கு மரணம். நாயக்கர் காலத்துக் காவலில் இருந்து நவீன அரசின் போலீசுக்கு மாறிய புள்ளி என்று இந்தப் பிரகடனத்தை நாம் வாசிக்கலாம். ஆயுதம் தாங்கும் உரிமை ஒரே ஒரு மையத்துக்கு உரியது என்கிற கருத்து இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த ஆண்டில்தான்.

இது பாஞ்சாலங்குறிச்சியோடு மட்டும் நிற்கவில்லை. 1799இல் பறிமுதலான ஆறு பாளையங்களில் நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் ஆகிய மூன்றும் இன்றைய விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கின்றன. கட்டபொம்மனின் மந்திரி சுப்பிரமணிய பிள்ளையைத் தூக்கிலிட்டது நாகலாபுரத்தில்தான். தலையைக் கொண்டுபோய்ப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டு வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் தினமும் அந்த ஊர்ப்பேரைச் சொல்லி டிக்கட் எடுக்கிறோம்.

3

இனி மண்ணைப் பற்றி. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் 1801 போரில் இருந்தவர். 1830இல் வெளிவந்த தன் படைநினைவு நூலில் கோட்டையின் அளவுகளைத் தருகிறார். ஒழுங்கற்ற நீள்சதுரம். இரண்டு பக்கம் ஏறக்குறைய 500 அடி, இரண்டு பக்கம் 300 அடி. முழுக்க மண். சுவர் உயரம் 12 அடி. சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள். கோட்டையைச் சுற்றி அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது.

'இவ்வளவுதானா' என்று தோன்றும். சினிமா பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பீரங்கிக் காலத்தில் மண்சுவரின் கதை வேறு. கல்சுவரில் குண்டு விழுந்தால் கல் பிளக்கும், இணைப்பு விடும், சுவர் மொத்தமாகச் சரியும். நன்றாக மிதித்துக் காய்ந்த மண்சுவரில் விழுந்தால் குண்டு உள்ளே புதைந்துகொள்ளும். குழி விழும், சுவர் நிற்கும். இரவில் நாலு பேர் கூடை மண்ணோடு வந்து குழியை அடைத்துவிடலாம். 1805இல் வடக்கே பரத்பூரில் லேக் பிரபு நான்கு தடவை தாக்கியும் ஏற முடியாமல் திரும்பியது இத்தகைய மண்மதில் முன்னால்தான். 1864இல் நியூசிலாந்தில் மவோரி மக்கள் புக்கேஹினாஹினா என்ற இடத்தில் பதுங்குகுழியும் மண்கரையுமாகக் கட்டி வைத்திருந்த அரணில் பிரிட்டிஷ் படை பெரிய பீரங்கிகளோடு போய் அடி வாங்கியது. மண்ணை வெறும் ஏழ்மையின் அடையாளமாகப் பார்ப்பது சரியல்ல என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன்.

கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். கரிசல் மழைக்கு ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் மட்டும் சுவர் வைத்தால் இரண்டு வருசம் தாங்காது. எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் செம்மண்ணோ ஓடைமண்ணோ கலந்து, கூளம் போட்டு மிதித்து, புளிக்கவிட்டு, ஒரு படை வைத்துக் காயவிட்டு அடுத்த படை வைப்பார்கள். சுவர் மண்ணின் தன்மையை வெல்ஷ் வியப்போடு குறிப்பிடுகிறார், அவ்வளவு கெட்டியாக ஒட்டிப் பிடிக்கும் மண். அவர் வியந்தது மண்ணை. எந்த மண்ணோடு எதைக் கலக்க வேண்டும் என்று அறிந்திருந்த கைகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

உள்ளே போன பிறகு கண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். கொத்தளங்கள் உள்ளே குடைந்திருந்தன. மேலே ஏறி வருகிறவனைக் கீழே மறைந்து நிற்பவர்கள் மிக நீளமான ஈட்டிகளால் குத்தித் தள்ள முடிந்தது. ஏறியவனுக்குக் குத்தியவன் தெரியவில்லை. குண்டுமழைக்குத் தப்ப மக்கள் தரைக்கடியில் குழிகள் வெட்டி அவற்றுக்குள் இருந்திருக்கிறார்கள்.

4

கோட்டை ஒரு தடவை விழவில்லை. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பிடித்தார். 1799 செப்டம்பர் 5ஆம் தேதி பானர்மேன் தாக்கினார். அன்றைய தாக்குதல் தோற்றது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் கட்டபொம்மனும் ஆட்களும் கோட்டையை விட்டு வெளியேறினார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கு. கோட்டை தரைமட்டம். சினிமாவும் பாடப்புத்தகமும் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்.

ஆனால் இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. 1801 பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்புகிறார். 9ஆம் தேதி மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சி வந்து பார்த்தால், இடித்துத் தள்ளிய இடத்தில் கோட்டை நிற்கிறது. மெக்காலே பாளையங்கோட்டைக்கே திரும்பிப் போனார். மார்ச் 31இல் பெரும் படையோடு செய்த தாக்குதலும் பலத்த சேதத்தோடு தோற்றது. மே 24ஆம் தேதிதான் கர்னல் அக்னியூவின் படை உள்ளே போக முடிந்தது.

ஒரு வாரம் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சுற்றளவு 1600 அடி. உயரம் 12 அடி. சுவரின் சராசரி அகலத்தை 5 அடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 96,000 கன அடி மண். ஒரு கூடைக்கு அரை கன அடி என்றால் 1,92,000 கூடை. ஏழு நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 27,000 கூடைக்கு மேல். அகலமும் கூடையின் அளவும் என் ஊகம்தான். பாதிச் சுவர்தான் அந்த வாரத்தில் எழுந்தது என்று வைத்துக்கொண்டாலும், இது ஒரு மனிதனின் வீரத்தால் ஆகிற காரியம் இல்லை என்பது தெரியும். வெட்டியவர், மிதித்தவர், தண்ணீர் சுமந்தவர், கூடை சுமந்த பொம்பளைகள், பிள்ளைகள் என்று ஊர்கள் பல திரண்டிருக்க வேண்டும். மாதமும் சாதகமானது. தை கடைசி, கண்மாயில் தண்ணீர் கிடக்கிற நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, இடித்த மண் அங்கேயேதான் கிடந்தது. கல்கோட்டையை இடித்தால் கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மண்கோட்டையை இடித்தால் அந்த இடிபாடே அடுத்த கோட்டைக்கு மூலப்பொருள்.

இப்படிப் பார்க்கும்போது 1801 மே மாதத்துக்குப் பிறகு நடந்த அந்த அழிப்புக்கும் வேறு பொருள் கிடைக்கிறது. கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையே பதிவேடுகளில் இருந்து நீக்கச் சொன்னார்கள் என்பது வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வருகிற செய்தி. இதை வன்மம் என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். வன்மம்தான், சந்தேகமில்லை. அதோடு அது ஒரு பாடத்தின் விளைவும் கூட. இடித்தால் போதாது, மண்ணைக் காடு முழுக்கப் பரத்தி உழுதால்தான் மறுபடி எழாது என்பதை அந்தப் பிப்ரவரி மாதம் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. பெயரை நீக்கியதும் அதே தர்க்கம்தான். பெயரும் ஒரு மூலப்பொருள். மிச்சம் இருந்தால் அதை வைத்துத் திரும்பவும் கட்டிவிடுவார்கள்.

இந்த இரண்டாவது கோட்டையைக் கட்டிய தலைவர் பேச முடியாதவர் என்பதைத் தோழர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஊமைத்துரை சைகையால் ஆட்களை நடத்தினார் என்றும், அந்த ஆட்கள் அவரைத் தெய்வம் போலப் போற்றினார்கள் என்றும் எதிர்ப்படையில் இருந்த வெல்ஷே எழுதுகிறார். 1959இல் வந்த திரைப்படம் அண்ணனுக்குக் கொடுத்தது என்ன? வசனம். சக்தி கிருஷ்ணசாமி எழுதி சிவாஜி கணேசன் பேசிய அந்த வசனத்தை மாறுவேடப் போட்டியில் பேசாத பிள்ளை எங்கள் தலைமுறையிலும் கிடையாது. நானும் பேசியிருக்கிறேன். எதிர்ப்பு என்றால் பேச்சு, அதுவும் அடுக்குமொழிப் பேச்சு என்று பழகிப்போன திராவிட மேடைக்கலாச்சாரத்துக்குள், பேசாதவன் கட்டிய கோட்டைக்கு இடம் இல்லாமல் போனது. விளிம்புநிலை மக்களால் பேச முடியுமா என்று காயத்ரி ஸ்பிவாக் கேட்டதை நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம். பேசாமல் செய்ததை வாசிக்க நமக்குத் தெரியுமா என்பது அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

கோட்டை விழுந்த அன்று காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரை பிழைத்த விதத்தையும் வெல்ஷ் பதிவு செய்திருக்கிறார். மகனைத் தேடி வந்த ஒரு தாய் அவனைக் குற்றுயிராகக் காண்கிறாள். 'என்னை விடு, சாமியைக் காப்பாத்து' என்கிற மாதிரி அவன் கேட்டுக்கொள்ள, பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்துகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது மேலே துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப்போன பிள்ளை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மைக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. ஊமைத்துரை பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டு, 1801 நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

5

இந்தக் கோட்டையைப் பற்றிய பிரதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். வெல்ஷின் நூல் 1830. கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் 1881. இரண்டும் வென்றவர் பக்கத்து எழுத்து. எட்டயபுரம் அரண்மனை வரலாறான 'வம்சமணி தீபிகை' 1879. கும்பினிக்கு உதவிய பாளையத்தின் தன்வரலாறு அது. பாரதி அதைத் திருத்தி எழுதித் தருவதாக 1919இல் எட்டயபுரம் மன்னருக்குக் கடிதம் எழுதிய கதை தெரிந்ததுதான். தோற்றவர் பக்கத்தில் அச்சு இல்லை. கதைப்பாடலும் கூத்தும் கும்மியும்தான் இருந்தன. நா. வானமாமலை போன்றவர்கள் அவற்றைத் தேடிப் பதிப்பித்திராவிட்டால் இன்று நமக்கு அதுவும் கிடைத்திருக்காது.

கோட்டையைத் தாக்கிச் செத்த ஆங்கில அதிகாரிகளுக்கு ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் கல்லறைகள் உண்டு. அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. சுவர் எழுப்பிச் செத்தவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. இது நம் ஊர்த் தலைவிதி மட்டும் அல்ல. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் ஊர் ஊராக மண்மேடு எழுப்பி மேலே மரக்கோட்டை வைத்தார்கள். மண் சுமந்தது தோற்றுப்போன குடியானவர்கள். ஆனால் பேயூ நகரத்துத் துணிச்சித்திரத்தில் ஹேஸ்டிங்ஸ் கோட்டைமேடு எழும் காட்சி ஒன்று உண்டு. அதில் மண்வெட்டியோடு கூலிக்காரர்கள் நிற்கிறார்கள். இரண்டு பேர் மண்வெட்டியால் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொள்வதைக்கூடத் தைத்து வைத்திருக்கிறார்கள். வென்றவனின் துணியில் அவ்வளவாவது இடம் கிடைத்தது. நம்முடைய ஓவியங்களில் மண்வெட்டி பிடித்த ஆள் ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

6

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு செய்தது. 1974இல் அரசு நினைவுக் கோட்டையைக் கட்டியது. தோற்றவர்களுக்கு ஒரு அரசு நினைவிடம் எழுப்பியதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுந்தது எந்தக் கோட்டை? படத்தின் போர்க்காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் போனது போலவே, நம் கற்பனையும் கல்லைத் தேடிப் போய்விட்டது. அரசன் என்றால் கல்கோட்டை வேண்டும் என்கிற கூச்சம் அந்தச் சிமெண்டுச் சுவரில் பூசிக் கிடக்கிறது.

இதற்குப் பிறகு கோட்டை சாதிகளுக்குள் பங்கு வைக்கப்பட்டது. கட்டபொம்மன் கம்பளத்தாருக்கு, வெள்ளையத்தேவன் மறவருக்கு, வெடிமருந்துக் கிடங்கை அழித்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் கவர்னகிரி சுந்தரலிங்கம் தேவேந்திரருக்கு. இதை எள்ளலாகச் சொல்லவில்லை. மையத்தின் வரலாறு சுந்தரலிங்கத்தைப் பேசாமல் விட்ட பிறகு, அந்த மக்கள் அவரைத் தாங்களே மீட்டெடுத்தது ஒரு அரசியல் செயல். 1995 ஆகஸ்ட் 31இல் இதே வட்டாரத்துக் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடு வாசலை நொறுக்கியதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அதை வாசிக்க வேண்டும். 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பியதில் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லா மாவட்டங்களில் இருந்தும் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. 'திருநெல்வேலி கட்டபொம்மன் மாவட்டம்' என்பதில் இருந்த கட்டபொம்மனும் அப்போதுதான் போனார். 1801இல் வெள்ளைக்காரன் பதிவேட்டில் இருந்து நீக்கச் சொன்ன பெயரை, 196 வருசம் கழித்து நாமே பதிவேட்டில் இருந்து நீக்கினோம். சுந்தரலிங்கத்தோடு ஒரே பலகையில் இருப்பதைவிட கட்டபொம்மனும் இல்லாமல் போவது மேல் என்று முடிவானது. இன்றும் சக்கதேவி கோயில் திருவிழாவுக்குத் தடையுத்தரவு போட்டுத்தான் ஆட்களை விடுகிறார்கள்.

1,92,000 கூடை மண்ணை ஒரு சாதி சுமந்திருக்க முடியாது. இது நல்லிணக்கப் பிரசங்கம் இல்லை, கூட்டல் கழித்தல் கணக்கு. ஆனால் எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள் என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. யார் விரும்பி வந்தார்கள், யாரை அடித்துக் கூட்டி வந்தார்கள், கூடை யார் தலையில் இருந்தது, சாட்டை யார் கையில் இருந்தது? பாளையத்தின் காவலும் கூலியும் சாதி வரிசையில்தான் நடந்தன. வெள்ளையனை எதிர்த்த சுவருக்குள்ளும் அந்த வரிசை இருந்திருக்கும். கோட்டையைப் பெருமையாக மட்டும் வாசிப்பவர்களும், நிலப்பிரபுத்துவம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்களும் இந்தக் கேள்வியில் இருந்து தப்பித்துக்கொள்கிறார்கள்.

7

போன கோடையில் எங்கள் தாலுகாவில் ஒரு கிராமத்துக்கு ஒரு சாவு வீட்டுக்காகப் போயிருந்தேன். ஊர்ப்பேரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் புதையல் தோண்ட ஆள் வந்துவிடும். ஊருக்கு மேற்கே சீமைக்கருவேல் அடைந்த ஒரு மேடு. கோட்டைமேடு என்பார்கள். அதில் பாதியை ஜேசிபி வைத்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள், ஏதோ ரோட்டு வேலைக்கு. வெட்டுப்பட்ட முகத்தில் மண் படை படையாகத் தெரிந்தது. ஒரு படை செவலை, ஒரு படை கறுப்பு, நடுவில் மக்கிப்போன கூளத்தின் கோடு. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இது யார் கட்டுன கோட்டை தாத்தா?" என்று கேட்டேன்.

"ராசா பேரு தெரியாதுய்யா. மண்ணு சுமந்தது எங்க ஆளுகன்னு எங்க அய்யா சொல்லுவாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கூலி குடுத்தானா இல்லையான்னு அவருக்கும் தெரியல" என்றார்.

தொல்லியல் துறைக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வருமா தெரியாது. ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கிற ஒவ்வொருவர் ஊர்ப்பக்கமும் ஒரு கோட்டைமேடு இருக்கக்கூடும். போய் நீளம் அகலம் அளந்து, ஒரு போட்டோ எடுத்து, மண் சுமந்தது யார் என்று ஊரில் மூன்று தெருவிலும் கேட்டு எழுதி வையுங்கள். மூன்று தெருவிலும் என்பது முக்கியம். மூன்று விதமான பதில் வரும்.